நிறைந்த கிண்ணம்

முற்றத்தைப் பெருக்கி முடிப்பதற்குள் மஸ்துராவுக்கு மூச்சு வாங்கியது. திராட்சைப் பந்தல் இலை உதிர்க்கும் காலம். ஒரு பக்கம் கூட்டிவிட்டு நிமிர்ந்தால் மறு பக்கம் புதிதாக விழுந்து கிடக்கும். மற்ற நாட்களில் இலைகளோடு முணுமுணுவென்று சண்டை போட்டுக்கொண்டே கூட்டுவாள். இன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, வெறுமனே நின்றாள். அந்தத் துணிக்கு அடியில், நெஞ்சுக்கு மேலே, டயாலிசிஸ் குழாய் இரண்டு முனைகளோடு ஒட்டிக் கிடந்தது. தற்காலிகம் என்று சொல்லித்தான் போட்டார்கள். இரண்டு வருஷமாகிவிட்டது.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"மஸ்துரா... இலையை எண்ணிக்கிட்டு இருக்கியா? வந்து என்னைத் தூக்கி விடு."

தூக்குவது என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. ஹைரினிசா ஒரு காலத்தில் உஸ்பெக் நாட்டுக் கோகந்து நகரச் சந்தையில் முலாம்பழக் குவியலுக்குப் பின்னால் நின்று ஊரையே விலை பேச வைத்தவள். ஆளும் சரி, குரலும் சரி, அதற்கேற்ற அளவு. மூன்று வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் வாசல் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு நடை போயிற்று, எடை போகவில்லை. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, அங்கிருந்து கழிப்பறைக்கு, திரும்பவும் படுக்கைக்கு, எல்லாமே மஸ்துராவின் இரண்டு கைகளில்தான்.

மகன் இருக்கிறானே, அவன் தூக்கக் கூடாதா என்று கேட்பவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க முடியாது. பெற்ற தாயை மகன் கழிப்பறைக்குத் தூக்கிப் போவதா? அதைவிடச் சாவு மேல் என்று நினைக்கிறவள் ஹைரினிசா. மகள் குல்செஹ்ரா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு முதுகுவலி, அது இல்லாத நாளில் தலைவலி, இரண்டும் இல்லாத நாளில் விருந்தாளி. கூலிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது வாயைத் திறந்தால், "கண்டவ கை என் உடம்புல படறதுக்கு மண்ணு படட்டும்" என்பாள் கிழவி.

மஸ்துரா குனிந்து, மாமியாரின் அக்குளில் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். நாற்காலியில் உட்கார வைத்ததும் கண் இருட்டியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல அத்தை. ராத்திரி சரியா தூங்கல."

ஒன்றுமில்லை என்ற சொல் அந்த வீட்டில் அவளிடம்தான் குடியிருந்தது.

முந்தாநாள் டயாலிசிஸ் நடுவில் அவளுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. டாக்டர் இரோதா எக்கோ எடுக்கச் சொல்லி, தானே பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தாள். பிறகு திரையை மஸ்துராவின் பக்கம் திருப்பினாள்.

"இது உன் இதயத்தோட வலது மேல் அறை. இது குழாயோட நுனி. நுனியில தொங்குது பார், அது ரத்தக்கட்டி. ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடுது. அறுந்துச்சுன்னா நேரா நுரையீரலுக்குப் போய் அடைச்சுக்கும். இன்னைக்கே படு."

மஸ்துரா படுக்கவில்லை. வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினாள். எதையும் தூக்காதே, துணி வாளியைக்கூடத் தூக்காதே என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் மாமியாரை எத்தனை தடவை தூக்கினாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களுக்குத்தான் நெஞ்சு அடைக்கும்.

விரிப்பில் ரொட்டியும் பாலேடும் சீமைமாதுளை ஜாமும் வைத்தாள். கணவன் தவ்ரோன் வந்து உட்கார்ந்தான். அவன் ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவன். பயணிகளோடு வாய் ஓயாமல் பேசுவான், வீட்டுக்குள் வந்தால் வாயைச் சாவியோடு சேர்த்து ஆணியில் மாட்டிவிடுவான். குல்செஹ்ராவும் அன்றைக்கு என்னவோ காலையிலேயே வந்திருந்தாள்.

மஸ்துரா எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் மதிப்புக்குரியவர்களுக்குக் கிண்ணத்தில் ஒரு வாய்தான் ஊற்றுவோம். நீங்கள் நீட்டிக்கொண்டே இருங்கள், நாங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கிறோம், எழுந்து போய்விடாதீர்கள் என்று அதற்கு அர்த்தம். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். பகையாளிக்குக்கூட அதைச் செய்ய மனசு வராது.

மஸ்துராவின் கிண்ணம் மட்டும் எப்போதும் போலக் கவிழ்ந்து கிடந்தது. சிறுநீரகம் போனவளுக்குத் தண்ணீரே அளவுதான். பகல் முழுக்க மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டுக் காய்ந்த நாக்கோடு உட்கார்ந்திருப்பாள். ராத்திரி கடைசியாகத் தூக்கிப் படுக்க வைத்தபின், மாமியார் தன் தேநீர்க் குடுவையிலிருந்து ஒரே ஒரு வாய் ஊற்றி அவளிடம் நீட்டுவாள். "குடி. இதுக்கெல்லாம் உன் டாக்டர் கோவிச்சுக்க மாட்டா." அந்த ஒரு வாயை மஸ்துரா விழுங்காமல் வெகுநேரம் வைத்திருப்பாள். அந்த வீட்டில் யாராவது அவளுக்கென்று ஊற்றிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

"அத்தை..." என்று ஆரம்பித்தாள். "இன்னைக்குப் போனா கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கணுமாம். ஒரு மாசம் ஆனாலும் ஆகலாம்."

தவ்ரோன் நிமிர்ந்தான். "ஒரு மாசமா? எதுக்கு?"

"குழாயில ஏதோ கோளாறாம். மாத்தணுமாம்."

ஹைரினிசா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "அப்போ என்னை?"

"பின் தெரு சபோஹத் அக்காகிட்ட பேசியிருக்கேன். கல்யாணச் சமையலுக்கெல்லாம் பெரிய அண்டா தூக்கறவங்க. காலையும் சாயங்காலமும் வந்து..."

"கூலிக்காரி."

"அத்தை, நல்லவங்க..."

"கூலிக்காரி" என்றாள் ஹைரினிசா மறுபடியும், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

குல்செஹ்ரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இதற்காகத்தான் வந்திருந்தாளோ என்னவோ.

"நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அம்மா, அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் என் ஓரகத்திக்குச் சொந்தம். கையில ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயைச் சேர்த்து வெச்சுட்டா, இந்த நெஞ்சுக் குழாயே வேண்டாமாம். இவளுக்கு மூணு தடவை நாள் குடுத்தாங்களாம். மூணு தடவையும் வாசல் வரைக்கும் போயிட்டு ஓடி வந்துட்டா. அப்பவே ஒழுங்கா பண்ணியிருந்தா இன்னைக்குக் கோளாறு எங்கேர்ந்து வருது?"

தவ்ரோன் மனைவியைப் பார்த்தான். "டாக்டரே வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொன்னியே, மஸ்துரா?"

மஸ்துரா விரிப்பின் ஓரத்தை மடித்தாள், நீவினாள், மறுபடி மடித்தாள்.

"பயமா இருந்துச்சு" என்றாள்.

"பிள்ளை பெத்தவளுக்குக் கத்தின்னா பயமாம்" என்று சிரித்தாள் குல்செஹ்ரா. "பயமெல்லாம் இல்லம்மா. அலுப்பு. உன்னைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு. நோயைச் சாக்கு வெச்சு ஒரு மாசம் கட்டில்ல காலை நீட்டிப் படுக்கலாம்னு பாக்கறா."

மஸ்துராவின் நாக்கு நுனியில் உண்மை இருந்தது. அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதன்முதலில் சிறுநீரகம் கெட்டபோது, இனி இவள் கனம் தூக்கக் கூடாது என்று யாரோ ஹைரினிசாவின் காதில் போட்டுவிட்டார்கள். கிழவி அன்றே சாப்பாட்டை நிறுத்தினாள், தண்ணீரையும் நிறுத்தினாள். "உள்ளே போனாத்தானே வெளியே வரும்? நீ என்னைத் தூக்க வேண்டாம், போ." உதடு வெடித்து ரத்தம் கசிகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிட்டார் என்று ரொட்டியைத் தலைக்கு மேல் பிடித்து மஸ்துரா பொய்ச் சத்தியம் செய்த பிறகுதான் ஒரு கரண்டி கஞ்சி இறங்கியது. ரொட்டியின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவளை ரொட்டியே அடிக்கும் என்பார்கள் எங்கள் ஊரில். அடிக்கட்டும் என்று அன்றைக்கே துணிந்துவிட்டாள்.

"அந்தக் கிண்ணத்தை நிமிர்த்து" என்றாள் ஹைரினிசா.

மஸ்துரா நிமிர்த்தினாள். மாமியார் குடுவையை எடுத்ததைப் பார்த்து ஒரு கணம் அவள் மனம் குளிர்ந்தது. பகலிலேயே ஒரு வாய் தரப்போகிறாள், போய்விட்டு வா என்று சொல்லப்போகிறாள்...

தேநீர் விழுந்தது. கால் கிண்ணம், அரைக் கிண்ணம். நிற்கவில்லை. விளிம்பைத் தொட்டு, தளும்பி, விரிப்பை நனைத்தது. குல்செஹ்ராவின் சிரிப்புகூட நின்றுவிட்டது.

"குடி" என்றாள் ஹைரினிசா. "குடிச்சுட்டுக் கிளம்பு."

"அம்மா..." என்றான் தவ்ரோன். அவ்வளவுதான் அவனுக்கு வந்தது.

எத்தனை நாள் இப்படி ஒரு முழுக் கிண்ணத்தை நினைத்து ஏங்கியிருப்பாள் மஸ்துரா. இரண்டு கையாலும் எடுத்தாள். ஆவி முகத்தில் பட்டது. குடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல், திருப்பி வைத்தாள்.

"உங்களைப் படுக்கையில விட்டுட்டுப் போறேன், அத்தை. நாற்காலியிலயே உக்காந்திருந்தா முதுகு புண்ணாயிடும்."

ஹைரினிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. வேறு யார் தூக்குவார்கள்? மஸ்துரா குனிந்தாள். நெஞ்சுக்குள் அது ஆடுவதாகத் தோன்றியது. தூக்கினாள். போர்வையை இழுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டினாள். முற்றத்தில் அவள் கூட்டி வைத்த இடத்தில் மறுபடியும் இலை விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரோதா அவளைக் கண்டதும் திட்டத்தான் திட்டினாள். பிறகு கட்டில் போட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்தை ஊசி வழியாக இடைவிடாமல் ஏற்ற ஆரம்பித்தாள்.

"இப்பவே எடுத்துட முடியாதா டாக்டர், இந்தக் குழாயை?"

"இழுத்தா கட்டியும் கூட வந்து நடுவழியில அறுந்துடும். முதல்ல மருந்து குடுத்து அதைச் சுருங்க வைக்கணும். அதுவரைக்கும் தொடை வழியா டயாலிசிஸ். சுருங்கினா குழாயை எடுத்துடலாம். சுருங்கலைன்னா தாஷ்கந்துக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்துதான் எடுக்கணும். நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அசையாம படு."

அசையாமல் படுப்பதுதான் அவளுக்குத் தெரியாத வேலை. கைகள் சும்மா இருக்கப் பழகாமல் போர்வையையே மடித்துக்கொண்டிருந்தன. மாலையானால் மற்றக் கட்டில்களுக்கு ஆட்கள் வருவார்கள். துணியில் கட்டிய பலகாரம், சூப்பு, வம்பு, அழுகை, சிரிப்பு. மஸ்துராவின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை, யாரும் உட்காராததால், எல்லோரும் இரவல் வாங்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள். பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நவோயியில் கட்டிக் கொடுத்த மகள் நிறைமாதம். அவளிடம் போனில், "அம்மாவுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தவ்ரோன் வந்தான். சூப்பு வைத்தான். ஜன்னலைப் பார்த்தபடி நின்றான். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால், "இருக்காங்க" என்றான். போனான்.

உடம்பில் ஒரு கட்டி இருப்பதை எக்கோ காட்டிவிடுகிறது. மனசில் ஒன்று அடைத்துக்கொண்டால் எந்தத் திரையிலும் தெரிவதில்லை. ராத்திரி எல்லோரும் படுத்தபின் அவளுக்கு அந்த ஒரு வாய்த் தேநீரின் நினைவு வரும். தாகத்தைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வீட்டில் நடந்ததெல்லாம் அவளுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

சபோஹத் முதல் நாளே கிழவியைத் தூக்கப் பார்த்துத் திகைத்துப்போனாள். "அண்டாவுக்குக் காது இருக்கு, பிடிச்சுத் தூக்கலாம். இவங்களை எங்கே பிடிக்கறது?" என்று கேட்டாள். ஒரு கை போதாது, இன்னொரு ஆள் வேண்டும் என்றாள். வேறு வழியில்லாமல் குல்செஹ்ரா வந்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தும், பாதி வழியில் கை நழுவி, ஹைரினிசாவைக் கீழே போடாமல் கட்டிலில் போட்டது கடவுள் கிருபை. குல்செஹ்ராவுக்கு இதுவரை பொய்யாக இருந்த முதுகுவலி அன்றைக்கு மெய்யாகிவிட்டது.

"அவ ஒருத்தியா தூக்கினா?" என்று கேட்டாள் சபோஹத், மூச்சு வாங்கிக்கொண்டே. "நோயாளியா இருந்துக்கிட்டா?"

 அந்தக் கேள்வி ஹைரினிசாவை விடவில்லை. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கை ஆபரேஷன்னு சொன்னாளே உங்க அக்கா... அது என்னன்னு டாக்டர்கிட்ட கேளு. ஏன் பண்ணிக்கலைன்னு கேளு."

தவ்ரோன் கேட்கப் போனான். கேட்கப் போனவன் சண்டைக்காரனாகத்தான் போனான். "இரண்டு வருஷமா இந்தக் குழாயை ஏன் அவ நெஞ்சில விட்டு வெச்சீங்க?"

டாக்டர் இரோதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நானா விட்டு வெச்சேன்? மூணு தடவை நாள் குறிச்சேன். மூணு தடவையும் உன் பெண்டாட்டி ஒரே கேள்விதான் கேட்டா. ஆபரேஷனுக்கு அப்புறம் இந்த இடது கை எவ்வளவு கனம் தூக்கும்னு. ஒரு முலாம்பழம்கூடத் தூக்கக் கூடாதும்மான்னு சொன்னேன். அப்போ வேண்டாம், வீட்டுல ஒரு ஆளைத் தூக்கணும்னு எழுந்து போயிட்டா. அந்தக் குழாய் நுனியிலதான் இப்போ ரத்தக்கட்டி தொங்குது, அறுந்தா உயிரே போயிடும். உங்க வீட்டுல வேற கையே இல்லையா தம்பி?"

தவ்ரோன் தன் கைகளைப் பார்த்தான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன, நல்ல பலமான இரண்டு கைகள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், கேட்டதைக் கேட்டபடி சொன்னான். கிழவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்றைக்குச் சாப்பாடு தொடவில்லை. முலாம்பழம், முலாம்பழம் என்று ஏதோ முனகினாள் என்று குல்செஹ்ரா பிறகு சொன்னாள்.

மருந்து கேட்டது. எக்கோவில் முதலில் பாதாம்கொட்டை அளவில் ஆடிக்கொண்டிருந்த கட்டி, நாளாக நாளாகக் கோதுமை மணியாயிற்று. ஒரு காலையில் மஸ்துராவை மேஜையில் கிடத்தி, திரையில் கண்ணை வைத்துக்கொண்டே, டாக்டர் குழாயை மெல்ல மெல்ல வெளியே இழுத்தாள். "மூச்சைப் பிடி... பிடி... விடு." நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பாம்பு போனது போலிருந்தது. திரையில் இதயம் தன்பாட்டுக்குத் துடித்தது. அதில் எதுவும் ஆடவில்லை.

"போச்சு" என்றாள் டாக்டர். நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் சில மாசம் மாத்திரை சாப்பிடணும். இப்போ கேக்கறேன், கை ஆபரேஷனுக்கு எந்தக் கிழமை போடட்டும்?"

பதிலுக்காக டாக்டர் கட்டில் வரைக்கும் கூடவே வந்தாள். மஸ்துரா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். கிழமை சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போய் என்ன செய்வது? போவதற்கு வீடு இருக்கிறதா? நிறைந்த கிண்ணம் கண்முன்னே வந்து நின்றது. ஆனாலும் வாயிலிருந்து பழைய கேள்விதான் வந்தது.

"டாக்டர்... அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கை..."

"மறுபடியும் அதையே கேக்காதே. இன்னொரு குழாய் போட்டா இன்னொரு கட்டி வரும். அடுத்த தடவை சுருங்கும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

அப்போது வாசலில் ஏதோ சலசலப்பு. பக்கத்துக் கட்டில்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். லிஃப்ட் பழுதான ஆஸ்பத்திரி அது. மாடிப்படி முழுக்க ஏறி, வியர்த்து வழிந்து, தவ்ரோன் வந்தான். அவன் முதுகில், இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பூப்போட்ட தலைத்துணி நழுவி நரைமுடி தெரிய, ஹைரினிசா இருந்தாள். சந்தையில் அரசியாக நின்றவள், ஊர் பார்க்க, மகன் முதுகில் மூட்டையாக. பின்னாலேயே குல்செஹ்ரா, இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் தேநீர்க் குடுவையோடு.

மஸ்துரா பதறி எழப் போனாள்.

"படு" என்றாள் ஹைரினிசா. அதே சந்தைக் குரல்.

யாரும் உட்காராத அந்த நாற்காலியில் தவ்ரோன் அம்மாவை இறக்கினான். அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"இவ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன், டாக்டரம்மா. இனிமே இவ என்னைத் தூக்க மாட்டா. இவன் தூக்குவான். காலையிலேர்ந்து இவன்தான் தூக்கறான்... எல்லாத்துக்கும். மகன் கை பட்டா வெக்கத்துல செத்துப்போயிடுவேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சாகல. நான் வெக்கப்பட்ட வெக்கத்துக்கு இவ இல்ல செத்திருப்பா."

"அத்தை..."

"பேசாதே. ரொட்டி மேல பொய்ச் சத்தியம் பண்ணினவதானே நீ." குரல் உடைந்தது. "ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க..." என்று சொல்லும்போதே மஸ்துராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை நாளும் ஜன்னலையும் தலையணையையும் தவிர யாரும் பார்க்காத அழுகை. ஹைரினிசா நாற்காலியில் இருந்தபடியே சாய்ந்து, அவள் தலையைத் தன் மடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

குல்செஹ்ரா கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். "தப்பா பேசிட்டேன், மஸ்துரா. அம்மாவை ஒரு தடவை தூக்கினதுக்கே எனக்கு இடுப்பு போச்சு..."

"உன் இடுப்பு கிடக்கட்டும், குடுவையைக் கொண்டா" என்றாள் தாய்.

அவள் இடுப்பில் துணியில் சுற்றிச் செருகிக் கொண்டுவந்த கிண்ணம் ஒன்று இருந்தது. மஸ்துரா எப்போதும் கவிழ்த்து வைக்கும் அதே கிண்ணம். ஹைரினிசா அதை நிமிர்த்தி ஊற்றினாள். அடி மட்டும் நனைகிற அளவு. ஒரு வாய்.

"அன்னைக்கு நான் ஊத்தினதை நீ குடிக்கலையே?"

"இல்ல, அத்தை."

"நான்தான் குடிச்சேன். நீ போனப்புறம், ஆறிப்போனதை. தொண்டையில இறங்கவே இல்ல." அவள் இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். "இதைக் குடி."

மஸ்துரா இடது கையை நீட்டினாள். மாமியார் சட்டென்று கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்தக் கை இல்ல. அதை ஆபரேஷனுக்கு வெச்சுக்கோ. வலது கையால வாங்கு."

டாக்டர் இரோதா சிரித்துவிட்டு, வியாழக்கிழமை என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள். மஸ்துரா தேநீரை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தாள். பிறகு வெறுங்கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள். ஹைரினிசா ஊற்றவில்லை. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிச்சத்தை நாளைக்கு வந்து ஊத்தறேன்."

தவ்ரோன் மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தான்.